மகாராஜாவின் பிரதமர்: தஞ்சாவூர் கோபாலசாமி ஐயங்கார்

நரசிம்ம கோபாலசாமி ஐயங்கார் 1882 மார்ச் 31 அன்று அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தார். 1937 முதல் 1943 வரை ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக மகாராஜா ஹரி சிங்கின்கீழ்ப் பணியாற்றினார். நாடு விடுதலை பெற்றபின் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் ஏழு உறுப்பினர்களில் ஒருவரானார். ரயில்வே அமைச்சராகவும் பிறகு பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். காஷ்மீருக்குத் தனி நிலை தந்த 370ஆம் பிரிவை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்து விளக்கியவர் இவர். ஆட்சிமொழி பற்றிய பகுதியும் வரைவுக் குழுவின் இன்னோர் உறுப்பினரான முன்ஷியின் பெயரோடு இவர் பெயரைச் சேர்த்தே அறியப்பட்டது. இந்தியக் குடியரசின் மிகக் கடினமான இரண்டு சிக்கல்களுக்குச் சட்ட வாசகம் எழுதிய ஒருவரைப் பற்றிக் காவிரிப் படுகையிலேயே இன்று பேச்சில்லை. அவர் மேடை ஏறிக் கூட்டம் சேர்த்த தலைவர் அல்லர், சிறை சென்ற தியாகியும் அல்லர். கோப்பும் ஆலோசனை அறையும்தான் அவருடைய களம். அப்படிப்பட்டவர்களின் பெயர் மக்கள் நினைவில் தங்குவது அரிது.

அவர் எந்த மரபிலிருந்து வந்தார் என்பதை அறிய 1799க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, கோட்டையையும் அதைச் சுற்றிய சிறு பகுதியையும் மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டு, நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1855இல் ஆண் வாரிசு இல்லை என்று அந்தப் பட்டமும் முடிந்தது. ஆனால் நிலவரிக் கணக்கு, பாசன முறை, மிராசு உரிமை, கோயில் மானியம் என்று தலைமுறை தலைமுறையாக அரசுக் காரியம் பார்த்துப் பழகிய குடும்பங்கள் அங்கேயே இருந்தன. தஞ்சாவூரில் அரண்மனை உத்தியோகம் இல்லாமல் போனபோது அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலம் படித்துக் கம்பெனி உத்தியோகத்துக்குப் போனார்கள். அவர்களில் திறமை மிக்க சிலர் பிற அரண்மனைகளுக்குப் போனார்கள்.

கும்பகோணத்தில் 1828இல் பிறந்த தி. மாதவராவ் திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தார். அதே ஆண்டு கும்பகோணத்தை அடுத்த அமராவதியில் பிறந்த அ. சேஷய்ய சாஸ்திரி திருவிதாங்கூர் திவானாகி, பின்னர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சீர்ப்படுத்தினார். இருவரும் சென்னை உயர்நிலைப் பள்ளியில் பவெல் என்ற ஆசிரியரிடம் படித்தவர்கள். 1854இல் கும்பகோணத்திலேயே அரசுப் பள்ளி தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்தபின், அந்த ஊரைத் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபை எடுத்துச் சென்றவர் வி. பி. மாதவராவ். இவரும் கும்பகோணத்தவர், 1850இல் பிறந்தவர். 1904இல் திருவிதாங்கூர் திவானாக வந்த அதே ஆண்டில் அங்கே ஸ்ரீ மூலம் பிரஜா சபை கூடியது. 1906இல் மைசூர் திவானானார். அடுத்த ஆண்டே அங்கே சட்டமன்றம் அமைந்தது. 1914 முதல் 1916 வரை பரோடாவில் இருந்தார். முந்தைய தலைமுறைத் திவான்கள் கஜானாவை நிரப்பிக் கடனை அடைத்துப் பெயர் வாங்கினார்கள். இவர் காலத்தில் வேலை மாறிவிட்டது. மன்னரின் அதிகாரம் குறையாமல், மக்கள் தங்கள் குறையைச் சொல்ல ஒரு சபையும் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. கோபாலசாமி ஐயங்காரிடம் காஷ்மீரில் எதிர்பார்க்கப்பட்டதும் இதுதான், ஆனால் அங்கே நெருக்கடி பல மடங்கு கடுமையானது.

அவர் வெஸ்லி பள்ளியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1904இல் சிறிது காலம் பச்சையப்பன் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டு, 1905இல் சென்னை மாகாண அரசுப் பணியில் சேர்ந்தார். 1919 வரை துணைக் கலெக்டர், பிறகு கலெக்டர். மாகாணத்தில் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் 1920இல் வந்தது. அதைச் செயல்படுத்தும் பஞ்சாயத்துகளின் தலைமைப் பதிவாளர் பொறுப்பையும் உள்ளாட்சி மன்றங்களை மேற்பார்க்கும் பொறுப்பையும் 1921 முதல் பல ஆண்டுகள் வகித்தார். இந்தக் காலம் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. உண்மையில் அவரை உருவாக்கிய காலம் இதுவே. அதிகாரத்தை ஒரேயடியாகக் கொடுத்துவிடாமல், விதி எழுதி, கணக்குக் கேட்டு, படிப்படியாகக் கீழே இறக்கும் கலையை அவர் அந்த வேலையில் பயின்றார். 1932 முதல் 1934 வரை பொதுப்பணித் துறைச் செயலாளர். அதன்பின் வருவாய் வாரிய உறுப்பினர். ஓர் இந்தியர் மாகாண நிர்வாகத்தில் எட்டக்கூடிய உச்சிகளில் ஒன்று அந்த வாரியம். அங்கிருந்துதான் 1937இல் அவர் ஸ்ரீநகருக்குப் போனார்.

ஜம்மு காஷ்மீர் 1846ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையால் உருவான சமஸ்தானம். ஆண்டவர்கள் ஜம்முவைச் சேர்ந்த டோக்ரா ராஜபுத்திரர்கள். குடிமக்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் முஸ்லிம்கள். 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை சுமார் 40 லட்சம். நிலமும் பதவியும் படையும் பெரும்பாலும் சிறுபான்மையினர் கையில் இருந்தன. 1925இல் ஹரி சிங் பட்டத்துக்கு வந்தார். 1931 ஜூலை 13 அன்று ஸ்ரீநகர் மத்தியச் சிறைக்கு வெளியே திரண்ட கூட்டத்தின்மீது காவலர்கள் சுட்டதில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிலிருந்து அந்த நாட்டு அரசியல் வேறு பாதையில் திரும்பியது. குறைகளை விசாரிக்க கிளான்சி என்ற ஆங்கில அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1932 அக்டோபரில் முஸ்லிம் மாநாடு என்ற கட்சி ஷேக் அப்துல்லாவின் தலைமையில் பிறந்தது. 1934இல் பிரஜா சபை கூடியது. அதன் 75 உறுப்பினர்களில் 33 பேர் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வாக்குரிமையும் வரி கட்டுவோர், படித்தோர் என்ற சிறு வட்டத்துக்கே.

1932 முதல் 1936 வரை பிரதமராக இருந்த கர்னல் கால்வின் ஆங்கிலேயர். அவருக்குப்பின் சிறிது காலம் தலைமை நீதிபதி பர்ஜோர் தலால் பொறுப்பு வகித்தார். அடுத்து வந்தவர் கோபாலசாமி ஐயங்கார். மன்னருக்கு உள்ளூர்க் கட்சி எதிலும் சேராத, பஞ்சாப் அரசியலோடும் தொடர்பில்லாத, பிரிட்டிஷ் அரசும் ஏற்கக்கூடிய ஒருவர் வேண்டும். அதற்குச் சென்னை மாகாண வருவாய் அதிகாரி பொருத்தமானவர். அவருடைய பலவீனமும் அதிலேயே இருந்தது. காஷ்மீரில் வெளியூர் அதிகாரிகள் மீது பழைய வெறுப்பு உண்டு. அந்த வெறுப்பின் விளைவாகத்தான் 1927இல் சமஸ்தானக் குடிகள் யார் என்று வரையறுத்து, நிலமும் உத்தியோகமும் அவர்களுக்கே என்று விதி செய்தார்கள். அந்த விதியின் கண்ணில் பிரதமரே அந்நியர்.

அதே காலத்தில் அரபு நாடுகளில் இதற்கு ஒப்பான ஆட்சிகள் இருந்தன. 1921இல் பிரிட்டிஷார் உருவாக்கிய ஈராக் முடியாட்சியில் நூரி அஸ்ஸயீத் பலமுறை பிரதமரானார். அரண்மனைக்கும் பிரிட்டிஷ் தூதரகத்துக்கும் தெருவில் திரண்ட கூட்டத்துக்கும் இடையே அவர் நின்ற இடம், ஸ்ரீநகரில் கோபாலசாமி நின்ற இடத்தைப் பெரிதும் ஒத்தது. ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நூரி அந்த மண்ணுக்கே உரியவர். அரசு கவிழ்ந்த 1958ஆம் ஆண்டுப் புரட்சியில் பக்தாதிலேயே கொல்லப்பட்டார். இந்தியச் சமஸ்தானத்துத் திவானுக்கோ வேலை முடிந்ததும் போக வேறு ஊர் இருந்தது. அந்த ஊர்தான் அவரைக் காத்தது. மக்களோடு ஒட்டாமல் வைத்ததும் அதுவே.

ஷேக் அப்துல்லாவுக்கும் புதிய பிரதமருக்கும் விரைவிலேயே மோதல் வந்தது. 1938 ஆகஸ்டில் இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் சேர்ந்து தேசியக் கோரிக்கை என்ற அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மன்னரின் பாதுகாப்பில், மக்கள் சபைக்குப் பொறுப்பான அமைச்சரவை வேண்டும் என்பது அதன் சாரம். அரசு தடையாணை பிறப்பித்து, அப்துல்லாவையும் தோழர்களையும் சிறையில் அடைத்தது. ஆனால் அடக்குமுறையோடு நின்றுவிடவில்லை. 1939 ஜூனில் முஸ்லிம் மாநாடு எல்லா மதத்தினருக்கும் கதவைத் திறந்து தேசிய மாநாடு என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று ஜம்மு காஷ்மீர் அரசியலமைப்புச் சட்டம் வெளியானது. கோபாலசாமியின் காஷ்மீர்ப் பணியில் நிலைத்து நின்றது இந்தச் சட்டமே.

அதன் அமைப்பில் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் சாயல் தெரியும். பிரஜா சபையில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 33இலிருந்து 40ஆக உயர்ந்தார்கள். 75 பேர் சபையில் முதன்முறையாக அவர்கள் பெரும்பான்மை பெற்றார்கள். அமைச்சரவை, சபை, உயர் நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டத்தில் இடம் வகுக்கப்பட்டது. அதேசமயம் மன்னரின் இயல்பான அதிகாரம் எதுவும் இச்சட்டத்தால் குறையாது என்று அதன் ஐந்தாம் பிரிவு காத்துக்கொண்டது. அமைச்சர்கள் மன்னருக்குப் பொறுப்பானவர்கள், சபைக்கு அல்ல. சபைக்குப் பெரும்பான்மை கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. தேசிய மாநாடு இதை ஏமாற்று என்று கண்டது இயல்பே. ஆனாலும் எழுதிய சட்டத்துக்கு ஓர் ஆயுள் உண்டு. முடியாட்சி ஒழிந்தபிறகும், திருத்தங்களோடு இந்த 1939ஆம் ஆண்டுச் சட்டமே மாநிலத்தின் உள்ளமைப்புச் சட்டமாகத் தொடர்ந்தது. 1957 ஜனவரி 26இல் மாநிலம் தனக்கென்று இயற்றிக்கொண்ட அரசியலமைப்பு முழு நடைமுறைக்கு வந்தபோதுதான் அது விலகியது.

பள்ளிக் கல்வியில் அவர் ஆட்சி நல்ல முயற்சிகள் எடுத்தது. கல்வியாளர் கே. ஜி. சையிதைன் 1938இல் கல்வி இயக்குநராக அழைக்கப்பட்டார். அவர் தலைமையிலான கல்விச் சீரமைப்புக் குழுவில் ஜாகிர் உசேனும் இருந்தார். கைத்தொழிலோடு இணைந்த ஆதாரக் கல்வியைச் சமஸ்தானத்தில் கொண்டுவரப் பரிந்துரைகள் வந்தன. ஆனால் கல்விதான் அடுத்த சண்டைக்கும் களமானது. எந்த எழுத்தில் பாடம் நடத்துவது என்ற கேள்விக்கு 1940இல் அரசு ஒரு தீர்வு சொன்னது: பாட மொழி எளிய உருது, அதைப் பாரசீக எழுத்திலும் எழுதலாம், தேவநாகரியிலும் எழுதலாம். இரு தரப்பையும் சமாதானப்படுத்த வந்த ஆணை இரு தரப்பையும் எரிச்சலூட்டியது. உருதுவைப் பிளக்கும் சூழ்ச்சி என்று தேசிய மாநாடு எதிர்த்தது. ராஜபுத்திரர்களுக்குத் துப்பாக்கி உரிமத்தில் சலுகை தந்த ஆயுதச் சட்டமும் அதே ஆண்டு கசப்பைக் கூட்டியது. மொழியையும் எழுத்தையும் கோப்பில் தீர்த்துவிட முடியாது என்பதை அவர் அங்கே நேரில் பார்த்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து டெல்லியில் அதே வேலை அவரைத் தேடி வந்தது.

1941இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1943இல் காஷ்மீரை விட்டார். அவருக்குப்பின் வந்தவர்களில் எவரும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. கைலாஸ் நாராயண் ஹக்சர், பெனகல் நரசிங் ராவ், ராமச்சந்திர காக், ஜனக் சிங், மெஹர் சந்த் மகாஜன் என்று அடுத்த நான்கு ஐந்து ஆண்டுகளில் ஐந்து பிரதமர்கள். ஆறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தது சிறிய சாதனை அல்ல.

டெல்லியில் 1943 முதல் 1947 வரை ராஜ்ய சபைக்கு முன்னோடியான மேலவையில் இருந்தார். 1944 முடிவில் தேஜ் பகதூர் சாப்ரு அமைத்த சமரசக் குழுவில் இடம்பெற்றார். 1946இன் இறுதியில் இந்தியப் படைகளில் ஆங்கில அதிகாரிகளின் இடத்தில் இந்தியர்களை அமர்த்துவது பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னையிலிருந்து தேர்வானார். 1947 ஆகஸ்ட் 29இல் அமைந்த வரைவுக் குழுவில் அம்பேத்கர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், முன்ஷி, சாதுல்லா, மித்தர், கைதான் ஆகியோரோடு அவரும் ஒருவர். காங்கிரஸ் சிறைக்குப் போன காலத்தில் பிரிட்டிஷ் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தவரை நேரு தம் அமைச்சரவைக்கு அழைத்தது அக்கட்சிக்காரர் பலருக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. ஆனால் 1947 அக்டோபர் 26இல் காஷ்மீர் இந்தியாவோடு இணைந்தபின், ஹரி சிங்கையும் ஷேக் அப்துல்லாவையும் இருவரின் குணத்தையும் அறிந்த ஆள் டெல்லியில் வேறு யார்?

துறை இல்லாத அமைச்சராகச் சேர்ந்த அவர் காஷ்மீர்க் காரியத்தைப் பார்க்கத் தொடங்கியதும் பெரிய சிக்கல் எழுந்தது. சமஸ்தானத் துறை வல்லபபாய் படேலிடம் இருந்தது. 1947 டிசம்பரில் கிழக்குப் பஞ்சாபிலிருந்து காஷ்மீருக்கு மோட்டார் வண்டிகள் அனுப்புவது குறித்துக் கோபாலசாமி நேரடியாக அந்த மாகாண அரசுக்குத் தந்தி கொடுத்தார். படேல் அதை ஆட்சேபித்தார். விஷயம் நேருவுக்கும் படேலுக்கும் இடையிலான அதிகாரப் பிரச்சினையாக வளர்ந்து, பதவி விலகல் பேச்சுவரை போய், காந்தியிடமும் சென்றது. வண்டிகள் ஒரு சாக்கு. காஷ்மீர் விவகாரம் பிரதமர் நேருவின் தனிப் பொறுப்பா, சமஸ்தானத் துறையின் பொறுப்பா என்பதே உண்மையான கேள்வி. நேருவின் பக்கம் தீர்ந்தது. ஆனால் படேலுக்கும் கோபாலசாமிக்கும் தனிப்பட்ட பகை மூளவில்லை என்பது பின்னால் நடந்தவற்றிலிருந்து தெரிகிறது.

1948 ஜனவரி 1 அன்று இந்தியா காஷ்மீர் விவகாரத்தை ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுபோனது. இந்தியக் குழுவுக்குத் தலைவர் கோபாலசாமி. அவரோடு வழக்கறிஞர் செதல்வாடும் ஷேக் அப்துல்லாவும் சென்றார்கள். பத்தாண்டுக்கு முன் சிறையில் அடைத்தவரும் அடைக்கப்பட்டவரும் ஒரே தரப்பில் அமர்ந்தார்கள். ஜனவரி 15 அன்று அவர் இந்தியாவின் முறையீட்டை வாசகம் பிசகாமல் எடுத்துரைத்தார். படையெடுத்து வந்த பழங்குடியினருக்குப் பாகிஸ்தான் வழியும் உதவியும் தருவதை நிறுத்த வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையைச் சுற்றியே அந்த வாதம் நின்றது. பாகிஸ்தான் தரப்பில் ஜபருல்லா கான் பிரிவினைக் கலவரம், ஜூனாகத் சமஸ்தானத் தகராறு எல்லாவற்றையும் சேர்த்து நெடுநேரம் வாதாடினார். சில நாட்களிலேயே மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் ஜம்மு காஷ்மீர்ப் பிரச்சினை என்றிருந்த தலைப்பு இந்திய பாகிஸ்தான் பிரச்சினை என்று மாறியது. கோபாலசாமிக்கு அது தோல்வி. வருவாய் வாரியத்தில் உண்மைகளைக் கோவையாகச் சொன்னால் முடிவு கிடைக்கும். உலக மன்றத்தில் அந்தப் பழக்கம் போதவில்லை. மன்றத்தின் ஏப்ரல் 21 தீர்மானத்தின் பல பகுதிகளை இந்தியா ஏற்கவில்லை. போர் 1949 பிறந்தபோது நின்றது.

அதே 1949தான் அவர் வாழ்க்கையின் உச்சம். ஜூன் 16 அன்று காஷ்மீரிலிருந்து ஷேக் அப்துல்லா, மிர்ஸா அப்சல் பேக், மௌலானா மசூதி, மோதி ராம் பைக்ரா ஆகிய நால்வரும் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார்கள். பிற சமஸ்தானங்கள் முழுமையாக இணைந்துகொண்டிருக்க, இவர்கள் இணைப்பு ஆவணத்தில் சொன்ன பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்றுக்கு மேல் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். பல மாதப் பேச்சுக்குப்பின் உருவான வரைவு 306அ என்ற எண்ணோடு வந்தது. இறுதிப் பதிப்பில் அது 370. நேரு அப்போது அமெரிக்கப் பயணத்தில் இருந்தார். காங்கிரஸ் கட்சிக் கூட்டத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தபோது கோபாலசாமி படேலின் உதவியை நாடினார். வரைவில் உடன்பாடு குறைவாக இருந்தும் படேல் தலையிட்டுக் கட்சியை இணங்க வைத்தார்.

அக்டோபர் 17 அன்று கோபாலசாமி அதைச் சபையில் முன்மொழிந்தார். சபை உறுப்பினர் ஹஸ்ரத் மொஹானி எழுந்து இந்த வேற்றுமை ஏன் என்று கேட்டார். காஷ்மீரின் தனிச் சூழ்நிலையே காரணம் என்றார் கோபாலசாமி. அங்கே போர் நடந்தது, ஒரு பகுதி எதிரியின் வசம் இருக்கிறது, விவகாரம் ஐக்கிய நாடுகளிடம் சிக்கியிருக்கிறது, மாநில மக்கள் தங்கள் அரசியல் நிர்ணய சபை வழியே இறுதி முடிவு சொல்ல வேண்டும் என்று வரிசையாக விளக்கினார். அன்றே அது நிறைவேறியது.

கடைசி நேரத்தில் வாசகத்தில் ஒரு திருத்தம் புகுந்தது. மாநில அரசு என்றால் 1948 மார்ச் 5ஆம் நாள் மகாராஜாவின் பிரகடனப்படி அமைந்த அமைச்சரவை என்றிருந்தது, அந்தப் பிரகடனத்தின்கீழ் அவ்வப்போது பதவியில் உள்ள அமைச்சரவை என்று மாறியது. முதல் வாசகத்தில், அந்தப் பிரகடனப்படி பதவியேற்ற ஷேக் அப்துல்லாவின் அரசு மட்டும் அடங்கும். இரண்டாவதில் பின்னால் வரும் எந்த அரசும் அடங்கும். அப்துல்லா சினந்து ஆட்சேபித்தார். சிறு மாற்றம், பொருள் மாறவில்லை என்பது கோபாலசாமியின் விளக்கம். சட்டம் எழுதத் தெரிந்த ஒருவர் இதைச் சிறு மாற்றம் என்றது ஏற்கத்தக்கதல்ல. 1953 ஆகஸ்டில் அப்துல்லா பதவி நீக்கப்பட்டுக் கைதானார். அதன்பின் வந்த மாநில அரசுகளின் ஒப்புதலோடு இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் காஷ்மீருக்கு நீண்டன. அதற்கு வழி திறந்தது அந்தச் சில சொற்கள். தற்காலிக ஏற்பாடு என்று தலைப்பிட்ட பிரிவு 2019 ஆகஸ்டில் செயலிழக்கச் செய்யப்படும்வரை ஏறத்தாழ 70 ஆண்டு நீடித்தது. 2023 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை உறுதி செய்தது.

370ஐ முன்மொழிவதற்கு ஒரு மாதம் முன்புதான் மொழிப் போராட்டம் சபைக்குள் நடந்தது. இந்தி வேண்டும் என்போர் ஆங்கிலத்தை உடனே விலக்கவும் எண்களைக்கூட தேவநாகரியில் எழுதவும் விரும்பினார்கள். தென்னாட்டு உறுப்பினர்கள் அசையவில்லை. முன்ஷியும் கோபாலசாமியும் வகுத்த சமரசத்தைச் செப்டம்பர் 12 அன்று கோபாலசாமி முன்மொழிந்தார். 14 அன்று அது நிறைவேறியது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி. எண்கள் உலக வழக்கில். ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும். இந்தியைத் தேசிய மொழி என்று எங்கும் சொல்லவில்லை, ஆட்சிமொழி என்றே சொல்லியது. தமிழ்நாட்டுக்கு இதனால் கிடைத்தது காலம், தீர்வு அல்ல. 15 ஆண்டு முடிந்த 1965 ஜனவரி 26 நெருங்கியபோது மாநிலம் கொந்தளித்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் மயிலாடுதுறைக் கல்லூரி மாணவர் சாரங்கபாணி அந்த ஆண்டு தீக்குளித்து இறந்தார். 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டமும் அதற்கு 1967இல் வந்த திருத்தமும்தான் ஆங்கிலத்தைக் காலவரையின்றி நிறுத்தின. காஷ்மீரில் இரண்டு எழுத்துகளை அனுமதித்த அதே மனம்தான் டெல்லியில் 15 ஆண்டைக் கொடுத்தது: இரு தரப்பும் இன்று ஒப்புக்கொள்ளக்கூடியதை எழுதி, மற்றதைப் பின்னால் வருவோருக்கு விடுவது. நாடு உடையும் நிலையில் இருந்த ஆண்டுகளில் அது பயனுள்ள கலைதான். ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களின் ஒப்புதலையே அவர் மக்களின் ஒப்புதலாகக் கொண்டார். அரண்மனைப் பணியில் பழகியவரின் குறை அது.

1948 செப்டம்பரிலிருந்து 1952 மே வரை அவர் ரயில்வே அமைச்சர். கம்பெனிகளும் சமஸ்தானங்களும் விட்டுச்சென்ற பல ரயில்வேக்களை ஆறு மண்டலங்களாக அவர் இணைத்தார். அவற்றில் முதலாவது தெற்கு ரயில்வே. 1951 ஏப்ரல் 14 அன்று மதராஸ் தெற்கு மராட்டா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் ஒன்றாயின. காவிரிப் படுகைக்கு இதில் ஓர் இழப்பும் உண்டு. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போட்ட பாதையில் தொடங்கி வளர்ந்தது தென்னிந்திய ரயில்வே. அதன் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் போய் அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இப்போது திருச்சியில் இருந்த தலைமையகமும் சென்னைக்குப் போனது. தம் சொந்த வட்டாரத்துக்குச் சலுகை தேடாத அமைச்சர் என்று இதைச் சொல்லலாம். படுகை மக்கள் வேறு விதமாகச் சொன்னாலும் தவறில்லை.

மத்திய அரசு இயந்திரத்தைச் சீரமைப்பது பற்றி 1949இல் அவர் அளித்த அறிக்கை அமைச்சரவைத் துணைக் குழுக்களையும் அமைச்சர்களின் படிநிலைகளையும் பரிந்துரைத்தது. இன்றைய நடைமுறையில் அதன் தடம் தெரியும். 1952இல் முதல் பொதுத் தேர்தலுக்குப்பின் பாதுகாப்புத் துறை அவரிடம் வந்தது. புதிதாக அமைந்த ராஜ்ய சபையின் முதல் அவை முன்னவரும் அவரே. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பிரதிநிதி பிராங்க் கிரகாம் முன்னிலையில் ஜெனிவாவில் நடந்த பேச்சில், மீண்டும் ஜபருல்லா கானுக்கு எதிரே அமர்ந்தார். எத்தனை படைவீரர்கள் எந்தப் பக்கம் இருக்கலாம் என்ற கணக்கிலேயே பேச்சு முறிந்தது. 1953 பிப்ரவரி 10 அன்று சென்னையில், பதவியில் இருக்கும்போதே காலமானார்.

அவர் மகன் ஜி. பார்த்தசாரதி பத்திரிகையாளராகத் தொடங்கி அயல்நாட்டுத் தூதரானார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1983இல் இலங்கைத் தமிழர் பிரச்சினையில் இந்தியாவின் சமரசத் தூதராகக் கொழும்புக்குச் சென்றவர். காஷ்மீர் அவரையும் விடவில்லை. ஷேக் அப்துல்லாவை மீண்டும் ஆட்சிக்குக் கொண்டுவந்த உடன்பாட்டில் 1974 நவம்பர் 13 அன்று இந்திரா காந்தியின் சார்பில் கையெழுத்திட்டவர் பார்த்தசாரதி. அப்துல்லாவின் சார்பில் கையெழுத்திட்டவர், 1949இல் தந்தையோடு 370ஆம் பிரிவின் வாசகத்துக்காக வாதாடிய அதே மிர்ஸா அப்சல் பேக்.